மலை வளைவில் புதிய கார்: எந்தச் சில்லு இயங்குகிறது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரி கடுமையாக இருந்தாலும், போர்க்காலத்தில் எமக்கு மூடப்பட்டிருந்த ஏ9 வீதியில் இன்று புதிய செடான் கார்களைக் காண்கிறோம்.

வன்னியின் நேரான வீதிகளில் ஓட்டிப் பழகியவள் நான். மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் ஒடுங்கிய வீதியில் இருவகைக் கார்களையும் ஓட்டியபோதே வேறுபாடு விளங்கியது.

டொயோட்டா கம்ரி போன்றவற்றில் முன்சில்லுகளே காரை இழுக்கின்றன, திருப்புவதும் அவைதான். ஈரமான வளைவில் வேகம் கூடினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் வளைவின் வெளிப்பக்கம் நழுவும். அக்சிலரேட்டரை மெதுவாகத் தளர்த்தினால் பிடி திரும்பும்.

பிஎம்டபிள்யூ 5 வரிசையின் பல கார்களைப் பின்சில்லுகள் தள்ளுகின்றன. ஸ்டியரிங் இலகுவாக இருக்கும். ஆனால் வளைவின் நடுவே அக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பகுதி வழுக்கலாம். அப்போது பின்பகுதி வழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

நான்கு சில்லுகளும் இயங்கும் கார் ஈரத்தில் நன்றாக ஏறும். அதற்காக விரைவில் நிற்கும் என்று நம்பக்கூடாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சில்லுகளுக்கும்தான். நிறுத்துவது டயரின் பிடியே.

ஆகவே வாங்குமுன் எந்தச் சில்லு இயங்குகிறது என்று கேளுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரைப் பாவியுங்கள். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறிப் பலமிழக்கும். போரில் இழந்தவர் போக எஞ்சிய குடும்பம் முழுவதும் பல வேளைகளில் ஒரே காரில்தான் பயணிக்கிறது.