ஓவியரின் முகமும் செதுக்கியவர் கையும்



ஓவியர் பிறர் முகத்தைத் தீட்டுபவர். அந்த ஓவியரின் முகத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியவர் எவர்? விக்ரோறியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் இப்பணியைச் செய்தவை படச் சஞ்சிகைகளாகும். ஹேர்பேட் இங்கிறம் 1842 இல் தொடங்கிய ‘இல்லஸ்ரேற்றட் லண்டன் நியூஸ்’ இவற்றுள் முன்னோடி. 1869 இல் ‘கிறாபிக்’ தோன்றியது. றோயல் அக்கடமிக்கு ஓவியர் ஒருவர் புதிதாகத் தெரிவானால் அவரது உருவப்படம் இத்தகைய ஏடுகளில் வெளிவருவதுண்டு.

புகைப்படத்தைச் செய்தியோடு நேரே அச்சிடும் வசதி அன்று இல்லை. ஆகவே அதனைப் பார்த்து, பொக்ஸ் மரக் கட்டையின்மேல் இடம்வலமாக மாற்றி வரைவர். வெள்ளையாகத் தோன்றவேண்டிய பகுதிகளைச் செதுக்குநர் கூரிய உளியால் அகழ்ந்தெடுப்பார். எஞ்சி மேடாக நிற்கும் கோடுகளே மையை ஏற்கும். அச்செழுத்துக்களும் மேடானவையே. எனவே படத்தையும் எழுத்தையும் ஒருங்கே பதிக்கலாம். செப்புத் தகட்டுப் படங்களுக்கு இவ்வசதி இல்லை.

பொக்ஸ் மரம் பருமன் குறைந்தது. பெரிய படமாயின் பல சிறு கட்டைகளைத் திருகாணியாற் பிணைத்து, வரைந்தபின் பிரித்து, ஆளுக்கொன்றாகக் கொடுப்பர். ஒருவர் அங்கியைச் செதுக்க, இன்னொருவர் பின்புலத்தைச் செதுக்குவார். முகம் தேர்ந்த கையொன்றிடம் போகும். மீண்டும் பொருத்தியபின், மூட்டுத் தெரியாதவாறு தலைமைச் செதுக்குநர் கோடுகளைச் சீர்செய்வார். நாம் காணும் கன்னத்தின் நிழலும் தாடியின் மென்மையும் இவர்களின் கீறல்களே.

ஆயினும் படத்தின் கீழே இருப்பது ஓவியரின் பெயர். மூலையில் பட்டறைத் தலைவரின் பெயர் இருக்கலாம். உளி பிடித்த ஏனையோரின் பெயர் இராது. 1768 இல் நிறுவப்பட்ட றோயல் அக்கடமியும், செதுக்குநர் என்ற தகுதியில் எவருக்கும் நெடுங்காலம் முழு உறுப்புரிமை வழங்கவில்லை. பிறர் ஆக்கத்தைப் படியெடுப்பவர் என்பதே அவர்கள்மேற் கூறப்பட்ட குறை. 1855 இல் சாமுவேல் கசின்ஸ் முழு உறுப்பினரானார். அவரும் மரத்திலன்றி உலோகத் தகட்டிற் செதுக்கியவர்.

ஆனால் ஒல்லாந்து ஓவியர் வின்சன்ற் வான்கோ, 1880களின் தொடக்கத்தில் இச்சஞ்சிகைப் படங்களைத் தேடிச் சேர்த்து, தமது வரைதலுக்குப் பாடமாகக் கொண்டார். நூற்றாண்டின் இறுதியில் புகைப்படத்தை நுண்புள்ளிகளாக அச்சிடும் முறை பரவியது. மரச் செதுக்குப் பட்டறைகள் ஓய்ந்தன.

பழைய ஏடொன்றில் ஓவியர் ஒருவரின் முகத்தைக் காண நேர்ந்தால், பெயரை வாசித்தபின் கோடுகளையும் சற்று உற்றுநோக்குங்கள். அம்முகத்தை நமக்குத் தந்தவர்களும் கலைஞர்களே.