தேடுபொறியின் களஞ்சியம்

தடித்த நூல்கள் சிலவற்றின் இறுதியில் சொல்லடைவு இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு சொல்லும், அது வரும் பக்கங்களின் எண்களும் அங்கே அகரவரிசையில் இருக்கும். நூல் முழுவதையும் புரட்டாமலேயே வேண்டிய பக்கத்தை அடைய அது உதவுகிறது. இலட்சக்கணக்கான ஆவணங்களிலிருந்து நாம் கேட்டதை நொடிப்பொழுதில் எடுத்துத் தரும் தேடுபொறிக்குள்ளும் இத்தகைய சொல்லடைவே உள்ளது. அதை எங்கே வைப்பது, எவ்வடிவில் எழுதுவது என்பதை நம் விருப்பப்படி மாற்ற முடியுமா? முடியும். ஆனால் அதற்குச் சில கடமைகள் உண்டு.

லூசீன்

டக் கட்டிங் என்னும் அமெரிக்கர் 1999-ஆம் ஆண்டில் லூசீன் என்ற தேடல் மென்பொருளை ஜாவா மொழியில் எழுதி அளித்தார். லூசீன் என்பது அவருடைய மனைவியின் நடுப்பெயர். 2001-ஆம் ஆண்டில் அது அப்பாச்சி அமைப்பில் சேர்ந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய தேடுபொறிகள் அதன்மேல் எழுப்பப்பட்டவையே.

லூசீன் தன் சொல்லடைவை ஒரே பெரிய ஏடாக எழுதுவதில்லை. சிறு சிறு பகுதிகளாக எழுதுகிறது. எழுதி முடித்த கோப்பை மீண்டும் திருத்துவதே இல்லை. புதிய ஆவணங்கள் வந்தால் புதிய பகுதி பிறக்கும். பகுதிகள் பெருகும்போது சிலவற்றை ஒன்றுசேர்த்துப் புதிதாக எழுதிவிட்டுப் பழையவற்றை நீக்கிவிடும்.

வைக்கும் இடம்

இக்கோப்புகளைக் காக்கும் பொறுப்பு ‘டைரக்டரி’ என்னும் உறுப்புக்கு உரியது. அதனைக் களஞ்சியக் காவலர் எனலாம். சமைப்பவருக்கு அரிசி வந்தால் போதும். அது குதிரிலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்பது பொருட்டன்று. அவ்வாறே தேடும் பகுதி ‘இக்கோப்பைத் தா’ என்று மட்டுமே கேட்கும். கோப்பு வட்டில் இருக்கலாம். கணிப்பொறியின் நினைவகத்திலும் இருக்கலாம். நினைவகத்தில் வைத்தது மின்சாரம் நின்றவுடன் மறைந்துவிடும் என்பதை மட்டும் மறக்கலாகாது. இவ்விரண்டும் போதாவிடில், நமக்கு ஏற்ற புதிய காவலரை நாமே நிரலாக எழுதி அமர்த்தலாம். தேடும் பகுதியில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.

எழுதும் வடிவம்

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் பதிப்பிலிருந்து எழுதும் வடிவத்தையும் மாற்ற வழி பிறந்தது. இதைக் கவனிக்கும் உறுப்பின் பெயர் ‘கோடெக்’. ஆவணங்களை மிகவும் இறுக்கிச் சுருக்கினால் இடம் மிச்சமாகும். ஆனால் எடுத்து விரிக்க நேரம் கூடும். விரைவு வேண்டுமெனில் சற்றே தளர்வாகச் சுருக்கலாம். மனிதர் கண்ணால் படிக்கக்கூடிய எளிய வடிவமும் உண்டு. அது மிகவும் மெதுவானது. கற்பவருக்கு மட்டுமே ஏற்றது.

வடிவத்தை மாற்றியவுடன் பழைய பகுதிகள் மாறிவிடா. புதிய பகுதிகளே புதிய வடிவில் எழுதப்படும். பழையவை ஒன்றுசேர்க்கப்படும்போதுதான் புதுவடிவம் பெறும்.

காவலரின் கடமைகள்

முதலாவது, வாய்மை. ‘வட்டில் பதிந்துவிட்டாயா?’ என்று லூசீன் கேட்கும்போது, உண்மையிலேயே பதிந்த பின்னரே ‘ஆம்’ எனல் வேண்டும். பகுதிகள் எல்லாம் பத்திரமாகப் பதிந்த பிறகே அவற்றின் பெயர்ப்பட்டியலை லூசீன் வெளியிடும். இடையில் மின்சாரம் நின்றால் முந்தைய பட்டியல் பழுதின்றி இருக்கும். காவலர் பொய் சொன்னாலோ, பட்டியலில் பெயர் இருக்கும், கோப்பு இராது. சொல்லடைவே திறவாமற் போகலாம்.

இரண்டாவது, பூட்டு. ஒரே நேரத்தில் இருவர் எழுதினால் ஒருவர் எழுத்தை மற்றவர் கெடுத்துவிடுவர். ஆகையால் எழுதுபவர் ஒருவரே என்பதைக் காவலர் உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது, திறவுகோல். எந்த வடிவில் எழுதப்பட்டது என்ற பெயர் ஒவ்வொரு பகுதியிலும் குறிக்கப்பட்டிருக்கும். அப்பெயருக்குரிய நிரல் இல்லையேல் அப்பகுதியைப் படிக்க இயலாது. இயல்பான வடிவத்தை அடுத்த பெரும் பதிப்பும் படிக்கும் என்று லூசீன் உறுதி தருகிறது. நாமே வகுத்த வடிவத்துக்கு அவ்வுறுதி இல்லை. அதைக் காப்பது நம் பொறுப்பே.

இவற்றை எல்லாம் செய்தாலும் மூல ஆவணங்களைத் தனியே பேணி வருதல் நலம். சொல்லடைவு கிழிந்தாலும் நூல் இருந்தால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். நூலே தொலைந்தால் சொல்லடைவினால் பயன் என்ன?

மாணவியரே, திறந்த மூலம் நமக்குத் தருவது உரிமை. வகுத்தவர்கள் செய்த ஏற்பாட்டை மாற்றலாம். ஆனால் அவர்கள் அளித்த வாக்கை நாமும் காத்தல் வேண்டும். பள்ளி நூலகத்துக்கோ மருத்துவமனைக்கோ நாளை நீங்கள் ஒரு தேடுபொறி அமைக்கக்கூடும். அங்கே தேடி வருபவர் களஞ்சியத்தைக் காணமாட்டார். அது நம்பத்தக்கதாய் இருக்கும் என்று மட்டுமே எண்ணி வருவார். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாய் விளங்குவோமாக!