ஆர்மோனியப் பெட்டியைக் கடையில் வைக்கப் போகிறீர்களா?

தோட்டத்து லயங்களில் ஆர்மோனியப் பெட்டி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மார்கழி பஜனைக்கும் திருவிழா நாடகத்துக்கும் அந்தப் பெட்டிதான் சுருதி சேர்த்தது. தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் அடுக்கு வீடுகளுக்குப் போனபோது பல பெட்டிகளும் கூடவே போய்க் கட்டிலுக்கு அடியில் முடங்கிவிட்டன. வாசித்த தாத்தா இல்லை. பிள்ளையின் படிப்புச் செலவு கழுத்தைப் பிடிக்கும்போது வீட்டில் பேச்சு எழும்புகிறது: "அந்தப் பெட்டிய வித்துட்டா என்னப்பா?"

விற்பதில் தவறில்லை. விற்கிற வழியில்தான் நம்மவர் கவனமாக இருக்க வேண்டும்.

பட்டணத்து இசைக்கருவிக் கடையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கடைக்காரரே வாங்கிக் கொள்வது. காசு உடனே கைக்கு வரும். ஆனால் தன் லாபத்தை ஒதுக்கிக் கொண்டுதான் அவர் விலை பேசுவார். மற்றது, கமிஷனுக்கு வைப்பது. "இங்கேயே வச்சிட்டுப் போங்கண்ணே, வித்ததும் சொல்லியனுப்புறேன்" என்பார். நாமும் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறோம். மூன்று மாதம் கழித்துப் போனால், எந்த விலை, எவ்வளவு கமிஷன் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட நம் கையில் இருக்காது.

ஒன்றை மனத்தில் பதிய வைப்போம். கமிஷனுக்கு வைத்த பெட்டி விற்கும் வரை நம்முடையதுதான். இது அடகு அல்ல. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. கடைக்காரர் நமக்காக விற்றுக் கொடுக்கும் முகவர். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கேட்டால் அவர் கணக்குக் காட்ட வேண்டும்; தனக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பெட்டியை நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கிப் போனவரிடம் போய், "என் பெட்டியைக் கொடு" என்று கேட்பது பெரும்பாலும் நடக்காது. கடைக்காரரிடம் பணத்தைத்தான் கேட்க முடியும். அதற்குத்தான் எழுத்து வேண்டும்.

பேச்சுக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். விலை 600 வெள்ளி, கமிஷன் நூற்றுக்கு 20 என்றால், 120 போக நமக்கு 480. "பெட்டி போகல அண்ணே, 400க்குத் தள்ளிட்டேன்" என்றால் 320தான். அதிலே ரிப்பேர் கூலி 80 என்றால் மிச்சம் 240. ஆகவே, இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற விலை, கமிஷன், நம்மைக் கேட்காமல் ரிப்பேர் செய்யக்கூடாது என்பது, எத்தனை மாதம் வைப்பது, விற்ற எத்தனை நாளில் பணம், கெட்டுப்போனால் யார் பொறுப்பு, வாடகைக்கு விடக்கூடாது, விற்காவிட்டால் சும்மா திருப்பித் தருவது, எல்லாவற்றையும் எழுதிக் கடைக்காரர் கையெழுத்தும் கடைச் சாப்பும் வாங்குங்கள்.

கொண்டு போகுமுன் பெட்டியைத் தூசி தட்டுங்கள். ஒவ்வொரு கட்டையையும் அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். துருத்தியில் காற்று ஒழுகுகிறதா, கரையான் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பித்தளை ரீடுகளில்தான் பெட்டியின் மதிப்பு. தெரியாத கையை அதில் வைக்கவே கூடாது. புது வர்ணமும் பூச வேண்டாம். குறையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து, எண் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. பெட்டி யாருடையது? பஜனைக் குழு காசு போட்டு வாங்கியதாக இருந்தால், அது தாத்தா வீட்டில் இருந்ததாலேயே நம்முடையது ஆகாது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பாட்டாளிகள் தங்கள் சம்பளத்தில் சேர்த்த பணத்தால்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சிறுகச் சிறுகப் போட்டவர்களுக்கெல்லாம் அதில் பங்கு உண்டு. பஜனைப் பெட்டிக்கும் அதே நியாயம்தான். பழைய குழுவினரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். இன்னும் பஜனை நடத்தும் கோயிலுக்கு அந்தப் பெட்டி வேண்டியிருக்கலாம்.

பணம் வராமல் இழுத்தடித்தால் சண்டைக்குப் போக வேண்டாம். எழுத்து மூலம் கேளுங்கள். அப்போதும் வராவிட்டால், சிறு தொகைகளுக்கு வழக்கறிஞர் வைக்காமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட வழி இருக்கிறது. அங்கே நம் கையில் இருக்கும் அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கடையில் வைத்தாலும் எழுதி வையுங்கள்.