தீனி போடாமல் ஒரு பண்ணை

மீன், இறால் வளர்ப்பில் கைப்பணத்தை அதிகம் விழுங்குவது தீவனம்தான். அந்தச் செலவே இல்லாத வளர்ப்பு ஒன்று கேரளத்தில், காசர்கோடு மாவட்டத்தின் படன்ன, செறுவத்தூர் பக்கத்துக் காயல்களில் நடக்கிறது. மலையாளிகள் ‘கல்லும்மக்காய்’ என்று விரும்பிச் சாப்பிடும் பச்சை ஓட்டுச் சிப்பியின் வளர்ப்பு அது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொல்லிக்கொடுத்த முறையை 1990களின் பிற்பாதியில் அங்குள்ள மகளிர் சுய உதவிக் குழுக்கள் கையில் எடுத்துக்கொண்டன. காணி நிலம்கூட இல்லாதவர்களும் செய்ய முடிந்ததால்தான் அது ஊரெல்லாம் பரவியது.

மழைக்காலம் முடிந்ததும் கடலோரப் பாறைகளில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவில் சிப்பிக் குஞ்சுகள் அப்பிக் கிடக்கும். அவற்றைச் சுரண்டி எடுத்து வருகிறார்கள். பருத்தி வலைத்துணியை விரித்து, நடுவில் நைலான் கயிற்றை வைத்து, சுற்றிலும் குஞ்சுகளைப் பரப்பி, துணியைச் சுருட்டித் தைத்துவிடுகிறார்கள். காயலில் மூங்கில் நட்டுப் பந்தல்போல் கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். இரண்டு, மூன்று நாளில் சிப்பிகள் தம் உடலிலிருந்து சுரக்கும் நார்களால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். துணி தானே மட்கி உதிர்ந்துவிடும். பிறகு தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று அவையே வளர்கின்றன. ஐந்தாறு மாதத்தில் ஒரு மீட்டர் கயிற்றில் பத்து கிலோ அளவுக்குக்கூடத் தேறும்.

ஆனால் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அறுவடையை முடித்தாக வேண்டும். ஆற்று வெள்ளம் புகுந்து காயலின் உப்பு குறைந்தால் சிப்பிகள் செத்துவிடும். பந்தல்களை நெருக்கிப் போட்டாலும் இரை போதாமல் வளர்ச்சி நின்றுபோகும். குஞ்சுக்குப் பாறைகளையே நம்பியிருப்பதுதான் பெரிய பலவீனம் என்பது என் எண்ணம். காலங்காலமாகப் பாறையில் சிப்பி எடுத்துப் பிழைப்பவர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் மனக்கசப்பு வருவது அதனால்தான். பொரிப்பகங்களில் குஞ்சு உற்பத்தி செய்து கட்டுப்படியான விலைக்குக் கொடுப்பதே இதற்கு வழி. அரசு அதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரை வடிகட்டும் உயிர் என்பதால் சாக்கடை கலந்த நீரின் கிருமிகளும் அதன் உடலில் சேரும். அறுவடைக்குப் பின் ஒரு நாள் சுத்தமான உப்புநீரில் விட்டு எடுத்த சிப்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். உயிரோடு வாங்கும்போது வாய் பிளந்து கிடப்பதையும், தட்டினால் மூடாததையும் ஒதுக்கிவிடுங்கள்.