வெள்ளங்கி அணியுமுன்

மகனையோ மகளையோ டாக்டராகக் காண விரும்பும் பெற்றோர் நம்மிடையே பலர். அவ்விருப்பத்தின் வாயிலில் நிற்பது நீட் தேர்வு. 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள்; எம்.பி.பி.எஸ். படிப்பில் இடம் பெற்றுத் தருவது அம்மதிப்பெண்ணே. அமெரிக்காவில் வழக்கம் வேறு. அங்கே விண்ணப்பிப்போர் தாம் ஆற்றிய நோயாளர் தொண்டு, ஆராய்ச்சி, தலைமைப் பணி முதலியவற்றில் 15 வரை எழுதித் தரலாம். இங்கே அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. அதனால் அவை நம் பிள்ளைகளுக்கு வேண்டாதவை ஆகிவிடுமா?

முதலில் நோயாளர் பணியைக் கருதுவோம். நிமான்ஸ், கித்வாய் புற்றுநோய் நிலையம், 1900-இல் திறக்கப்பெற்ற விக்டோரியா மருத்துவமனை ஆகியவற்றுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து தமிழர் வருகின்றனர். கன்னடம் அறியாத முதியவர், சீட்டு எழுதுமிடம் எது, மருந்து வாங்குமிடம் எது என்று திகைத்து நிற்பார். நம் வீட்டுப் பிள்ளைகளோ இரு மொழியும் அறிந்தவர்கள். மருத்துவமனையாரின் அனுமதி பெற்று, அவருக்கு வழிகாட்டித் துணை நிற்கலாம். சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மொழிபெயர்க்க வேண்டும். மருந்தைப் பற்றித் தம் கருத்தைக் கூறலாகாது. கேட்டதை வெளியே பேசலும் ஆகாது.

ஆராய்ச்சிக்குக் கண்ணாடிக் குழாய்கள் வேண்டுமென்பதில்லை. காவிரி நீர் நாள்தோறும் வாராத தெருக்களில் டிரம்மிலும் தொட்டியிலும் நீரைச் சேமிக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். மாணவர் ஐம்பது வீடுகளைப் பார்த்து, எத்தனை வீடுகளில் கொசுப்புழு உண்டெனக் குறிக்கட்டும். பத்து வீடுகளில் இருந்தால் நூற்றுக்கு இருபது. சுகாதாரத் துறையினர் கையாளும் கணக்கும் இதுவே. வீட்டாருக்கு விளக்கிச் சொல்லி, மறுமாதம் மீண்டும் எண்ணட்டும். குறையாவிடில் அதையும் மறைக்காமல் எழுதட்டும். உண்மையை உள்ளவாறு எழுதுவதே ஆராய்ச்சியின் முதற்பாடம்.

ஐம்பது வீடுகள் ஒருவரால் ஆகாதவை. தோழர்களைச் சேர்த்து, தெருக்களைப் பிரித்துக் கொடுத்து, அண்டை வீட்டாரிடம் கன்னடத்தில் பணிவுடன் பேசி, வாராதவர் பங்கையும் தாமே முடிப்பவரே தலைவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை மறவாது பலர் உதவியையும் திரட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றச் செய்தார்.

பெற்றோர்களே! ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள், படிப்பு கெட்டுவிடாது. பிறர் நோயைக் கண்டு நிற்கத் தம் மனம் ஒப்பவில்லை என்று ஒரு பிள்ளை உணர்ந்தால், அதைப் பதினேழு வயதிலேயே அறிவது நன்று. ஐந்தரை ஆண்டுப் படிப்பின் நடுவில் அறிந்து வருந்துவது இருவருக்கும் துன்பம். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமற் போயினும், அந்த முதியவர் வழியறிந்து வீடு திரும்பியது வீண்போவதில்லை.