அச்சமும் உள மருத்துவமும்

எங்கள் ஊரிகத்தார்க்கு அச்சம் புதிதன்று. கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் நடந்த நாளில் பூமிக்கடியில் பாறை திடீரென வெடிக்கும்; மேலே வீடுகள் குலுங்கும்; அடுக்களைப் பாத்திரங்கள் உருளும். தம் வீட்டு ஆடவர் எந்தச் சுரங்கத்தில் இறங்கியிருக்கின்றனரோ என்று பெண்கள் வாயிலுக்கு ஓடி வருவர். சாம்பியன் ரீப் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். அந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆள் மேலே வந்துவிட்டால் அச்சமும் அகன்றுவிடும்.

எனக்கு நேர்ந்த அச்சம் வேறு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், எம்மவர் பலர் பிழைப்பையும் படிப்பையும் நாடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலில் போய் வருகின்றனர். நானும் அவர்களுள் ஒருவன். முதலாண்டில் ஒருநாள் காலை மாலூர் தாண்டியதும், நெரிசலில் நின்ற எனக்கு நெஞ்சு படபடத்தது; மூச்சு முட்டியது; விரல்கள் மரத்தன. 'இதோ சாகப் போகிறேன்' என்றே எண்ணி, அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடினேன். மருத்துவர் இதயத்தைச் சோதித்து, நோய் இல்லை என்றார். ஆயினும் மறுநாள் வண்டி வந்தபோது என் கால் எழவில்லை. அவ்வாண்டுத் தேர்வில் இரண்டு தாள்களை எழுதாமலே விட்டேன். அம்மா மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றைப் பையில் வைத்தார்.

இத்தகைய பதற்றத்தைத் தீர்க்க உளநூலார் கண்ட வழி ஒன்றன்று. வியன்னா அறிஞர் பிராய்டு கண்டது உளப்பகுப்பு. நோயாளி மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்ல, அடிமனத்தில் புதைந்த பழைய போராட்டத்தை மருத்துவர் வெளிக்கொணர்வார். நம் நாட்டில் இதனை வேரூன்றச் செய்தவர் கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். 1922இல் இந்திய உளப்பகுப்புக் கழகத்தை நிறுவியவர் அவர். பிராய்டோடு நெடுநாள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தும், அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்காது, ஒவ்வொரு விருப்பத்தின் பின்னும் அதற்கு எதிரான விருப்பம் ஒன்று மறைந்திருக்கும் எனத் தம் கொள்கையை வகுத்தார். அந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

ஆனால் இரயிலேற முடியாதவன் எத்தனை ஆண்டு பேசிக்கொண்டிருப்பது? பிராய்டே 1918இல் புடாபெஸ்டில் ஆற்றிய உரையில், தெருவில் இறங்க அஞ்சுவோரைப் பகுப்பு முடியும்வரை வீட்டில் இருக்கவிட்டால் பயனில்லை, அவர்களைத் தெருவில் இறங்கி அச்சத்தோடு போராடச் செய்ய வேண்டும் என்றார். இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன்.

அந்த 'இறங்குதலை'யே மருத்துவமாக்கியோருள் முதன்மையானவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப். மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள் அந்தக் கூண்டில் மட்டுமன்றி, அதுபோன்ற அறையிலும் உணவு தொடா. வோல்ப் முதலில் அவ்வறையோடு சிறிதே ஒத்த இடத்தில் உணவு வைத்தார்; படிப்படியாக நெருங்கி, முடிவில் கூண்டிலேயே உண்ணச் செய்தார். மனிதர்க்கு, தசைகளைத் தளர்த்தியபடி அஞ்சும் காட்சிகளை ஒவ்வொன்றாகக் கற்பனை செய்யும் பயிற்சியை வகுத்து, 1958இல் நூலாக வெளியிட்டார். கற்பனையைவிட நேரில் எதிர்கொள்வதே வலிது என்பது பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

உளப்பகுப்புப் பயின்ற அமெரிக்கரான ஆரன் பெக் 1960களில் வேறொரு வழி கண்டார். நிகழ்ச்சியைவிட, அதைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமே நம்மை வருத்துகிறது. ஆகவே எண்ணத்தைச் சோதித்துப் பார் என்றார். இங்கிலாந்து அறிஞர் டேவிட் கிளார்க் 1986இல் இதனை என்போன்றார்க்குப் பொருத்திக் காட்டினார். நெஞ்சு சற்று வேகமாகத் துடிக்கிறது. 'சாவு' என்கிறது எண்ணம். அவ்வெண்ணத்தால் துடிப்பு மேலும் மிகுகிறது. தப்பி இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் நம்பிவிடுகிறது. என் நோய் நின்று நிலைத்ததற்குக் காரணம் இந்தத் தப்பியோடுதலே.

எனக்கு வாய்த்த உளநல ஆலோசகர் தமிழ் பேசும் ஓர் அம்மையார். முதல்நாளே நாற்காலியில் அமர்த்தி, ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னார். அதே படபடப்பு, அதே மரத்த விரல்கள்! ஆனால் நான் சாகவில்லை. பின்னர் ஒரு படிவரிசை எழுதினோம். நடைமேடையில் நின்று வண்டியைப் பார்ப்பது, ஊரிகத்திலிருந்து கோரமண்டல்வரை ஒரே நிலையம் செல்வது, அடுத்து பங்காருப்பேட்டை, பிறகு கூட்டமில்லா நேரத்தில் மாலூர், கடைசியில் காலை நெரிசல். அச்சம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதே விதி. எலுமிச்சம்பழத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார். இல்லையேல் பழந்தான் காத்தது என்று மனம் சொல்லுமாம்! அந்த நாளே எல்லாவற்றினும் கடினம். நான்கு மாதத்தில் பெங்களூரை எட்டினேன்.

சிலர்க்கு மருந்தும் வேண்டும்; அதை மருத்துவரே முடிவு செய்வார். பெரிய நகரத்துக்குப் போனால்தான் சிகிச்சை என்பதுமில்லை. கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசகர்களாகி, அரசு சுகாதார நிலையங்களில் சோர்வும் பதற்றமும் உடையோர்க்குப் பயன்பட்டதை விக்ரம் பட்டேல் குழுவினர் 2010இல் வெளியிட்டனர். 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். வண்டியை விட்டுவிட்டு நடைமேடையில் நிற்கும் நண்பர் எவரேனும் இதனைப் படித்தால் குறித்துக்கொள்க.

விட்ட தாள்களை மறுமுறை எழுதித் தேறினேன். நெஞ்சு இன்றும் சிற்சில நாள் தட்டிப் பார்க்கிறது, நான் இறங்குவதில்லை. அம்மா இன்னும் பையில் பழம் வைக்கிறார். நண்பகலில் அதை மோரில் பிழிந்து குடித்துவிடுகிறேன்.