பித்தக்கல்லும் இருபடி மருத்துவமும்

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. அந்நீர் பித்தநாளத்தின் வழியே சிறுகுடலை அடைந்து, உண்ட கொழுப்பைச் செரிக்கத் துணைபுரிகின்றது. உணவு வருமளவும் அதனைத் தேக்கி வைக்கும் சிறு பையே பித்தப்பை. தேங்கிய நீர் சிலருக்குக் கல்லாக உறைகின்றது.

கல் பையிலேயே கிடக்குமாயின் பலர்க்கு அது இருப்பதே தெரியாது. பையின் வாயை அடைத்தால் பை வீங்கி அழலும். நழுவிப் பெருநாளத்தை அடைத்துவிட்டாலோ நிலைமை வேறு. வெளியேற வழியற்ற பித்தநீரில் கிருமிகள் பெருகுகின்றன. அழுத்தம் ஏற ஏற, அவை ஈரலின் வழியே பின்னோக்கிச் சென்று குருதியிற் கலக்கின்றன. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்புற மேல்வயிற்று வலி, மஞ்சட்காமாலை ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுதல் இந்நோயின் அறிகுறி எனப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1877ஆம் ஆண்டிலேயே விளக்கினார். காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைக்க முற்படும் நம்மவர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். அடைத்த கல்லைத் தழை அகற்றாது.

அங்ஙனமாயின், வயிற்றைத் திறந்து கல்லையும் பையையும் ஒருங்கே எடுத்துவிடலாகாதோ எனின், அங்கேதான் சிக்கல். 1867இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பாப்ஸ் என்பவர் பித்தப்பையைத் திறந்து கற்களை மட்டும் எடுத்தார். 1882இல் பெர்லினில் லாங்கன்புக், கல்லை விளைவிக்கும் பையையே அறுத்தெடுத்தார். அவர் முறையே நிலைத்தது. ஆயினும், குருதியில் நஞ்சேறி நாடி தளர்ந்து கிடப்பவர் பேரறுவையைத் தாங்குவது அரிது. வெள்ளம் கரையை முட்டும்போது மடையைத் திறப்பதே முதல் வேலை. கரையைச் செப்பனிடுவது பிறகு.

இதனை எண்ணால் நிறுவியவர் ஹாங்காங் மருத்துவர்கள். கடுமையான பித்தநாள அழற்சியுற்ற 82 பேரை அவர்கள் இரு கூறாக்கினர். 41 பேருக்கு வயிற்றைத் திறந்து நாளத்தை வடித்தனர். ஏனைய 41 பேருக்கு வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, சிறுகுடலில் நாளம் திறக்கும் துளையின் வழியாகப் பித்தநீரை வடித்தனர். முன்னவருள் 13 பேர் மாண்டனர், பின்னவருள் நால்வரே. இம்முடிவு 1992இல் வெளிவந்தது.

ஆகவே, நோய் முற்றியவர்க்கு இன்று முதலிற் கிருமிக்கொல்லி மருந்தும் வடிகாலும்தாம். அவ்வேளையில் எல்லாக் கற்களையும் தேடி நெடுநேரம் துழாவுவதில்லை. மெல்லிய குழாய் ஒன்றை நாளத்தில் வைத்து நிறுத்திவிடுவர். எண்டோஸ்கோப்பு எட்டாவிடின் விலாவினூடே ஊசி செலுத்தி வடிப்பர். காய்ச்சல் தணிந்து உடல் தேறியபின், எஞ்சிய கல்லை எடுத்து, சிறு துளைகளின் வழியே பித்தப்பையையும் அகற்றுவர். எல்லார்க்கும் இரு படி வேண்டுவதில்லை. பை மட்டும் அழன்று, உடல் வலிவோடிருப்பவர்க்குச் சில நாளுக்குள் ஒரே அறுவையில் முடித்துவிடுதலே ஏற்றது.

முதற்படியோடு வலி நீங்கிவிடுவதால், குறித்த நாளில் மருத்துவமனைக்குத் திரும்பாதோரும் உளர். பிளாஸ்டிக் குழாய் சில திங்களில் அடைபட்டுவிடும். அப்போது அதே நடுக்கமும் அதே காமாலையும் மீண்டும் வரும்.